இரண்டாவது கைப்பிடி

கோவண்டி
31 மே 2024, வெள்ளி

நஜிமுதீன் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கூடப் பிறந்தவர் என்றும் பார்க்காமல் ஏழு மாதத்துக்கு முன்னால் உங்கள் நம்பரை பிளாக் செய்தேன். அது அப்படியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை உங்கள் மனைவி ஃபர்ஸானா மைனியிடமே கொடுத்தனுப்புகிறேன். மைனி உருது மீடியத்தில் படித்தவள், தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் நாம் எழுதுவது நம் இரண்டு பேரோடு போகும். கோபம் நமக்குள்தான். அவள் வாரத்துக்கு இரண்டு முறை டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தாராவியிலிருந்து கோவண்டிக்கு வந்து வாப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

விஷயம் இதுதான். சென்ற செவ்வாய்க்கிழமை வாப்பா பாத்ரூமில் வழுக்கிவிட்டார். வாளியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. கை நடுக்கம் முன்பு இருந்ததைவிட அதிகம். நடந்துகொண்டே இருப்பவர் வாசல் நிலை வந்தால் அப்படியே நின்றுவிடுகிறார், கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல. பார்க்கின்சன் நோயில் இது வரும், பிடித்துக்கொள்ள ஏதாவது வையுங்கள் என்று டாக்டர் போன மாதமே சொன்னார். நான் இரண்டு ஸ்டீல் கைப்பிடிக் கம்பிகள் வாங்கிவிட்டேன். ஒன்று கமோடு பக்கத்தில், இன்னொன்று பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில்.

சொசைட்டியில் வேலை செய்யும் பிளம்பர் மூன்று வாரமாக நாளைக்கு என்கிறான். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், வர டிசம்பர் ஆகும். அதனால் நானே போடப் போகிறேன். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் டிரில் மெஷின் கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஆயிரத்து எண்ணூறு. அதோடு பெட்டி நிறைய துளை போடும் பிட்டும் சுத்தியலும் டேப்பும் இலவசம். மற்றது ஒன்பதாயிரம், ஒரு பிட்கூடக் கிடையாது. ஆனால் கையில் எடுத்தபோது வித்தியாசம் தெரிந்தது. மலிவானதை ஓட்டினால் பிட்டின் நுனி வட்டம் போடுகிறது. மற்றது ஆடாமல் நின்று சுற்றியது.

எது வாங்கட்டும் என்று வாப்பாவிடம் கேட்டேன். "நஜிமுட்ட கேளு" என்றார். அதற்காகத்தான் கேட்கிறேன். மெஷின் இரவல் வேண்டாம். எது வாங்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

சபுரா


தாராவி
6 ஜூன் 2024

சபுராவுக்கு,

வ அலைக்கும் அஸ்ஸலாம்.

கடிதம் கிடைத்தது. என் நம்பரை பிளாக் செய்ததை நினைவுபடுத்தியே ஆரம்பித்திருக்கிறாய். நல்லது.

மலிவானதையே வாங்கு. நான் அலுமினிய ஜன்னல் மாட்டுகிறவன். காலையில் எடுத்த மெஷினைச் சாயங்காலம்தான் கீழே வைப்பேன், அதனால் எனக்கு விலை கூடியது வேண்டும். நம்முடைய பணம் அதன் உள்ளே இருக்கிற இரும்புப் பல்லுக்கும் நல்ல மோட்டார் காயிலுக்கும் போகிறது. நீ வருஷத்துக்குப் பத்துத் துளை போடுவாய். அதற்கு ஒன்பதாயிரம் கொடுத்து பரண்மேல் தூங்க வைப்பதில் அர்த்தமில்லை. வீட்டுக்கு அது போதும்.

ஆனால் ஒன்று. இலவசமாகத் தருகிற பிட் எதற்கும் ஆகாது. அதைத் தூரப் போட்டுவிட்டு, நல்ல கம்பெனி பிட் இரண்டு தனியாக வாங்கு. மிச்சப்படுத்துவதை மெஷினில் மிச்சப்படுத்து, பிட்டில் வேண்டாம். டைலில் துளை போடும்போது மெஷினில் குத்துகிற ஹாமர் சுவிட்சை அணைத்துவிட்டு மெதுவாகப் போ. டைலைத் தாண்டிய பிறகு ஹாமரைப் போடு. இரண்டு நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் ஆறவிடு. ரப்பர் செருப்புப் போட்டுக்கொள். கண்ணுக்குக் கண்ணாடி.

மெஷின் இரவல் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் மூன்று இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானும் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

எழுத வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீடு ஜன்னல் அறுக்கிற கார்கானாவுக்கு மேலே. ஏற இரும்பு ஏணிதான் வழி என்பது உனக்குத் தெரியும். வாப்பாவால் அந்த ஏணியில் ஏற முடியவில்லை. அதனால்தான் கீழே கட்டில் போட்டேன். அவருக்காகக் கட்டிங் மெஷினை வாசல் பக்கம் தள்ளினேன், தனியாக ஒரு ஃபேன் மாட்டினேன். நீ வந்து அதையெல்லாம் பார்க்கவில்லை. என் ஆறு ஆட்கள் எதிரே, "பெத்த வாப்பாவ மெஷினோட மெஷினாப் போட்டு வச்சிருக்கீய" என்றாய். டாக்ஸி வைத்துக் கூட்டிக்கொண்டு போனாய். அந்த ஆட்கள் இன்னும் என்னிடம்தான் வேலை செய்கிறார்கள். தினமும் அவர்கள் முகத்தில் விழிக்கிறேன்.

வாப்பாவுக்கு ஸலாம் சொல்.

நஜிமுதீன்


கோவண்டி
20 ஜூன் 2024

காக்காவுக்கு,

பக்ரீதுக்கு அனுப்பிய கறி வந்தது. வாப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார்.

நீங்கள் சொன்ன மலிவு மெஷினையே வாங்கினேன். பிட் தனியாக. லேபில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். வாப்பா பாத்ரூமுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "நேராப் பிடி. சாயுது பாரு. அமுக்காத, அதுவே போவும்." டாக்யார்டில் முப்பது வருஷம் வேலை செய்தவர், நாற்காலியில் உட்கார்ந்துகூட சூப்பர்வைசர்தான். அன்றைக்கு அவர் கை நடுங்கியதாகவே எனக்கு நினைவில்லை.

கமோடு பக்கத்துக் கம்பிக்கு ஆறு துளை. ஆறும் நன்றாக விழுந்தது. துளைக்குள் பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்க்ரூ முறுக்கினேன். வாப்பா எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். "நஜிமு போட்ட மாதிரியே இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் சிரித்துவிட்டேன்.

மறுநாள் கதவுப் பக்கத்துச் சுவர். டைலைத் தாண்டி அரை அங்குலம் போனதும் நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் சத்தம்தான் வருகிறது, துளை ஆழமாகவில்லை. மெஷின் கை வைக்க முடியாத சூடு. பிறகு ஒரு எரிந்த வாடை. வாப்பா "நிறுத்து, காயில் போயிரும்" என்றார். இரண்டு அரைத் துளையோடு நிறுத்திவிட்டேன்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் முதலில் கேட்டதே, "தீவார் கைஸா ஹை, மேடம்?", சுவர் எப்படிப்பட்டது என்றுதான். முதல் சுவர் உள்சுவர், செங்கல். இது வெளிச்சுவர், முழுக்க கான்கிரீட். புதிய பில்டிங்குகள் எல்லாம் இப்படித்தானாம். இதற்கு மலிவு மெஷின் மட்டுமல்ல, அந்த ஒன்பதாயிரம் ரூபாய் மெஷின்கூட மூச்சு வாங்குமாம். வேறு ஜாதி மெஷின், உள்ளிருந்து குத்திக் குத்திப் போகிற பெரிய ஹாமர் வேண்டுமாம். அது உங்கள் கார்கானாவில் ஆணியில் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எந்தச் சுவர் என்று கேட்கவேயில்லை, காக்கா. நீங்கள் இந்த வீட்டுக்கு வந்ததில்லை, அதனால் தெரிய வழியில்லை. ஆனால் கேட்டிருக்கலாம்.

இப்போது கேட்கிறேன். அந்தப் பெரிய மெஷினை அரை மணி நேரத்துக்கு யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வர வேண்டும் என்று இல்லை.

சபுரா


தாராவி
2 ஜூலை 2024

சபுராவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. செம்பூரில் ஒரு டவர் வேலை, பதினாறு மாடி. மழைக்கு முன் முடிக்க வேண்டியது, முடியவில்லை.

கான்கிரீட் என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். அது என் தப்பு. கேட்டிருக்க வேண்டும்.

அந்த மெஷினை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். பழக்கமில்லாத கையில் திருகிக்கொண்டால் மணிக்கட்டை முறித்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன். துளை போட்டுவிட்டு வந்துவிடுவேன். சாப்பாடு ஒன்றும் செய்ய வேண்டாம்.

வாப்பாவிடம் சொல்லிவை.

நஜிமுதீன்


கோவண்டி
9 ஜூலை 2024

காக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வாப்பா காலை ஏழு மணிக்கே குளிப்பாட்டச் சொன்னார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். நாற்காலியை வாசல் கதவைப் பார்த்துப் போடச் சொன்னார். மதியம் லுஹர் ஆனது, சாயங்காலம் அசர் ஆனது. ஒவ்வொரு தடவை லிஃப்ட் சத்தம் கேட்கும்போதும் என் முகத்தைப் பார்த்தார். மழையாக இருக்கும், டிரெய்ன் நின்றிருக்கும் என்றேன். மழை இல்லை. டிரெய்னும் ஓடியது.

சாப்பாடு செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் செய்துவிட்டேன். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

முடியாதென்றால் முடியாது என்று எழுதுங்கள். பிளம்பரைப் பார்த்துக்கொள்கிறேன். வருகிறேன் என்று மட்டும் எழுத வேண்டாம். நான் தாங்கிக்கொள்வேன். அவர் இன்னும் அந்த நாற்காலியைத் திருப்பிப் போட விடவில்லை.

சபுரா


தாராவி
26 ஆகஸ்ட் 2024

சபுராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் முடிந்துவிட்டது. ஃபாத்திஹா அன்றைக்கும் நீ பெண்கள் பக்கம் இருந்துவிட்டுப் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் எனக்கு எதிரே நின்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வந்தபோது அவருக்கு நினைவு இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேச எனக்குக் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை விடியும்போது மவுத். கபுரில் இறக்கியது என் கை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பாத்ரூமில் விழுந்தார் என்று ஃபர்ஸானா சொன்னாள். நீ அவளிடம் அப்படித்தான் சொன்னாயாம். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். எந்தக் கம்பி கழன்றது? கதவுப் பக்கத்துக் கம்பியை அந்த அரைத் துளையிலேயே மாட்டிவிட்டாயா? எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தது? ஸ்க்ரூ மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்ததா, பிளக்கோடு வந்ததா? பிளக்கோடு வந்தால் துளை பெரிது, பிட்டைப் பிடிக்கிற சக் ஆடியதால் வந்த வினை. ஸ்க்ரூ மட்டும் வந்தால் ஆழம் போதவில்லை.

உன்னைத் திட்டுவதற்காகக் கேட்கிறேன் என்று நினைப்பாய். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஓடாத மெஷினை வைத்து ஒரு நோயாளிக்குக் கைப்பிடி மாட்டக் கூடாது. ஆனால் வீட்டுக்கு அது போதும் என்று எழுதியது நான். ஜன்னல் மாட்ட ஏணியில் ஏறினாலும் அந்த வரிதான் கண்ணில் நிற்கிறது. முந்தாநாள் ஒரு ஃபிரேமைத் தப்பான அளவில் அறுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

துளையின் ஆழத்தை எழுது.

நஜிமுதீன்


கோவண்டி
30 ஆகஸ்ட் 2024

காக்காவுக்கு,

இரண்டாவது கம்பியை நான் மாட்டவேயில்லை. பிளாஸ்டிக் உறையோடு பீரோமேல் இருக்கிறது. முதல் கம்பி போட்ட இடத்தில் நிற்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். என் எடை அறுபத்தெட்டு. அசையவில்லை.

மெஷின்மேல் பழி இல்லை. நீங்கள் எழுதியதன்மேலும் இல்லை. வேலையைப் பாருங்கள். இனி இதைக் கேட்க வேண்டாம்.

சபுரா


தாராவி
4 செப்டம்பர் 2024

சபுராவுக்கு,

கேட்க வேண்டாம் என்றால் எப்படி.

வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டியது நான். நெற்றியில் இடது பக்கம் அடி. வலது கை முட்டியில் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அவர் போட்டிருந்த சட்டை இருந்தது. வெள்ளைச் சட்டை. பாத்ரூமில் விழுந்தவரின் சட்டை நனைந்திருக்கும். அது நனையவில்லை. இஸ்திரி மடிப்பு இருந்தது. பாத்ரூமுக்குப் போகிறவர் எதற்கு இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார்?

கம்பியும் கழலவில்லை என்கிறாய். எனக்குக் கணக்கு உதைக்கிறது. நீ எதையோ மறைக்கிறாய். சிறுவயதிலும் மறைத்தால் இப்படித்தான் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவாய்.

எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று எழுது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நீ எழுதிய பிறகு நானும் எழுதுகிறேன்.

நஜிமுதீன்


கோவண்டி
12 செப்டம்பர் 2024

காக்காவுக்கு,

இதைச் சொல்லாமல் இருந்தது உங்களுக்காகத்தான். நீங்களே கேட்டு வாங்குகிறீர்கள்.

வாப்பா பாத்ரூமில் விழவில்லை. வாசல் கதவுகிட்ட விழுந்தார்.

ஜூலை பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் அவர் அந்த ஞாயிறும் வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் துணி காய்ந்தது. லிஃப்ட் ஓடவில்லை. வாப்பாவிடம், "எழுந்திரிக்காதீங்க, அஞ்சு நிமிசத்துல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படியேறி ஏழாவது மாடிக்குப் போனேன். நான்கு பேருடைய துணியும் ஒரே கயிற்றில் கிடந்தது, பிரித்து எடுக்க நேரமாகிவிட்டது. பத்து நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்து சாவி போட்டால் கதவு திறக்கவில்லை. தள்ளினேன். உள்ளே கனமாக ஏதோ தடுத்தது. அவர்தான், காக்கா. கதவுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தார். தள்ளினால் அவருக்கு வலிக்கும், தள்ளாவிட்டால் உள்ளே போக முடியாது. ஒரு கை நுழைகிற அளவுக்குத் தள்ளி, அவர் தோளைத் தொட்டு, "வாப்பா, கொஞ்சம் நவுருங்க" என்று கெஞ்சினேன். பக்கத்து வீட்டு ஆள் வந்து பிடித்த பிறகுதான் உள்ளே போனேன்.

அப்போது அவருக்கு நினைவு இருந்தது. "நஜிமு பெல்லடிக்கான். கதவத் தொற" என்றார்.

வெளியே யாரும் இல்லை. எதிர் வீட்டு வாசலில் ஒரு பார்சல் கிடந்தது. கூரியர்காரன் வீடு தெரியாமல் நம் மணியையும் அடித்திருக்கிறான் என்று புரிந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்திருக்கிறார். கதவு வரைக்கும் வந்துவிட்டார். நிலைகிட்ட கால் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கமாக விழுந்திருக்கிறார்.

வாசலில் விழுந்தார் என்று சொன்னால், யார் வந்தார்கள், எதற்கு எழுந்தார் என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். வராத மகனுக்குக் கதவு திறக்கப் போய் விழுந்தார் என்று நான் சொல்ல வேண்டும். நாற்பது நாளும் ஊர் அதைப் பேசும். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அதனால் பாத்ரூம் என்றேன். பாத்ரூம் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதுதான் நடந்தது. இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

சபுரா


தாராவி
15 செப்டம்பர் 2024, ஞாயிறு

சபுரா,

நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். இரண்டு தாள் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

அது கூரியர் இல்லை. நான்.

உன்னுடைய ஜூலை ஒன்பதாம் தேதிக் கடிதத்தை ஃபர்ஸானா வெள்ளிக்கிழமைதான் என்னிடம் கொடுத்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட விடவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் எனக்கு இருக்க முடியவில்லை. ஞாயிறு காலை பெரிய ஹாமரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முந்தின வாரம் போல வழியிலேயே திரும்பிவிடுவேனோ என்று பயம். ஆம், முந்தின ஞாயிறும் குர்லா வரைக்கும் வந்தேன். உன் எதிரே நிற்க வேண்டுமே என்று நினைத்ததும் கால் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

பதினொன்றே காலுக்கு உன் பில்டிங். லிஃப்ட் இல்லை. எட்டு கிலோ மெஷினோடு நான்கு மாடி ஏறினேன். கதவில் நானூற்று மூன்று என்று இருந்தது. மணி அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. கதவில் பார்க்கிற துளை இருக்கிறதே, நீ அதில் வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திறக்காமல் உள்ளே போய்விட்டாய் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதக் கோபத்தில் புத்தி அந்தப் பக்கம்தான் போனது. மூன்றாவது தடவை அடித்தேன். இரண்டு நிமிடம் நின்றிருப்பேன், மூன்று நிமிடம் இருக்கலாம். "தொறக்க மாட்டா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். நீ மேலே துணி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய், நான் கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அல்லாஹ்மேல் ஆணையாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதவை உடைத்திருப்பேன். கான்கிரீட்டை உடைக்கிற மெஷின் தோளில் இருந்தது.

அங்கிருந்து நேரே செம்பூர் சைட்டுக்குப் போய் அதே மெஷினால் வேலை பார்த்தேன். ஃபர்ஸானா ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

பாத்ரூமில் விழுந்தார் என்று சொன்னதும், நான் மணி அடித்தபோது அவர் ஏற்கெனவே உள்ளே கிடந்திருக்கிறார், நாற்காலிச் சத்தம் நீ அவரிடம் ஓடியது, அதனால்தான் யாரும் திறக்கவில்லை என்று நினைத்தேன். கம்பி கழன்றதா என்று திரும்பத் திரும்பக் கேட்டது அதனால்தான். கம்பி கழன்றிருந்தால் பழி மலிவு மெஷினுக்குப் போகும், அதை வாங்கச் சொன்ன வரிக்குப் போகும். அதோடு இருந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். நீ போட்ட கம்பி நிற்கிறது.

நீ என்னைக் காப்பாற்ற ஊரிடம் பொய் சொல்லியிருக்கிறாய். நான் மணி அடித்ததை ஃபர்ஸானாவிடம்கூடச் சொல்லவில்லை. இனி நீ எழுதாவிட்டாலும் சரிதான்.

நஜிமு


கோவண்டி
27 செப்டம்பர் 2024

காக்காவுக்கு,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபம் வரவில்லை என்று எழுத முடியாது. மூன்று நிமிடம் நின்றவர் பத்து நிமிடம் நின்றிருக்கக் கூடாதா என்று, லேபில் ரிப்போர்ட் கவரில் பேர் எழுதும்போதுகூட வருகிறது. துணியை அப்படியே நனையவிட்டிருந்தால் என்ன என்றும் வருகிறது. இரண்டும் மாறி மாறி வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் நான் இதை எழுதுவது வேறொன்றுக்காக.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிக்‌ஷாவில் அவர் தலை என் மடியில் இருந்தது. "நஜிமு வந்தான்ல" என்றார். "யாரும் வரல வாப்பா" என்றேன். சிக்னலில் நின்றபோது மறுபடியும் கேட்டார். "கூரியர்காரன் வாப்பா, நஜிமு காக்கா இல்ல" என்றேன். அவர் சாப்பிடும் மாத்திரைக்கு இல்லாத ஆள் வந்தது போலத் தோன்றும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதுதான் இது என்று நினைத்தேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மூன்றாவது தடவை. "அவன்தான். எனக்குத் தெரியும்" என்றார். அவர் கேட்டதையே கேட்கிறாரே என்று எனக்குப் பதற்றம், கொஞ்சம் எரிச்சலும்கூட. "இல்லன்னு சொல்றேன்ல வாப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அதோடு நினைவு போய்விட்டது.

அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், காக்கா. நான்தான் மூன்று தடவையும் இல்லை என்றேன். நீங்கள் வரவில்லை என்று நம்பிக்கொண்டு போய்விட்டார். நம்ப வைத்தது நான். வீட்டில் இருந்த ஒரே ஆள் நான், அவர் என்னைத்தான் நம்புவார்.

இதை அவரிடம் திருத்திச் சொல்ல எனக்கு வழி இல்லை. நம் பெண்கள் கபுருஸ்தானுக்குள் போவதில்லை. நான் ரோட்டில் நின்று மதிலைப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் போக முடியும். நீங்கள் போங்கள். ஓதி முடித்த பிறகு, தலைமாட்டில் உட்கார்ந்து அவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கு மணி அடித்தது நீங்கள்தான் என்று சொல்லுங்கள். சபுராவுக்குத் தெரியாது, தெரியாமல்தான் யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள். அவர் எழுந்து வந்ததில் தப்பில்லை என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சொல்லியாயிற்று என்று மைனியிடம் எழுதி அனுப்ப வேண்டாம். வந்து சொல்லுங்கள்.

சபுரா